பெரியப்பாவுக்குச் சொல்லு

எழுபதைத் தாண்டியவர்களிடம் மட்டும்தான் இதைச் சொல்லலாம். மற்றவர்களிடம் சொன்னால், "ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் பேசாமல் இருந்தார்களா? அப்படி என்ன சண்டை?" என்று கேட்கிறார்கள். சண்டை இல்லையம்மா, மரியாதை என்றால் இன்னும் சிரிக்கிறார்கள். என் பேத்திக்கு விளக்கிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்திருப்பார், அவர் எதிரில் வந்து நிற்காத ஒரு அம்மா இருந்திருப்பாள், இரண்டு பேருக்கும் நடுவில் ஓடுவதற்கு ஒரு குழந்தை இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் குழந்தை நான்.

மைசூரில் மண்டி மொஹல்லாவில் இருந்தோம். மகாராஜா காலம். வாசலைத் திறந்தால் மிளகாய் மூட்டை நெடி, வெல்ல மண்டி வாசனை, மழை வந்துவிட்டால் நனைந்த கோணிச் சாக்கின் நாற்றம். அப்பா ரயில்வேயில் வேலை, அரசீகெரே பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தார். மாசத்துக்கு ஒரு தரம் வருவார், துணியை வெளுக்கப் போட்டுவிட்டுத் தூங்குவார், போய்விடுவார். வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பாதான். ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். பெரியம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கும் சேர்த்து அம்மாதான் சமைத்தாள். அம்மாவுக்கு அவர் மூத்தார் முறை. மூத்தார் முகத்தைப் பார்த்துத் தம்பி பெண்டாட்டி பேசக் கூடாது, கையில் எதையும் கொடுக்கக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. அப்படித்தான் நடந்தது.

முறை எப்படியென்றால், அம்மா சமையலறை நிலைக்கு உள்பக்கம் நின்றுகொண்டு, "பெரியப்பாவுக்குச் சொல்லு, காப்பி ஆச்சுன்னு" என்பாள். கூடத்தில் சாய்வு நாற்காலியில் பெரியப்பா. நடுவில் ஒரு பாய் விரிக்கிற தூரம்தான். அம்மா சொன்னது அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் பேப்பரிலிருந்து தலையை எடுக்க மாட்டார். நான் ஓடிப்போய் எதிரில் நின்று, "பெரியப்பா, காப்பி ஆச்சாம்" என்று சொன்ன பிறகுதான், "ஆச்சா?" என்று கண்ணாடியைக் கழற்றுவார். பதிலும் எனக்குத்தான் சொல்வார். "உங்கம்மாவுக்குச் சொல்லு, சர்க்கரை கம்மியாப் போடட்டும்னு." அம்மா சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். நான் வந்து சொல்கிற வரைக்கும் கரண்டியை உள்ளே விட மாட்டாள். காதில் விழுவது ஒன்று, சொல்லப்படுவது இன்னொன்று. எங்கள் வீட்டில் இரண்டாவதுதான் செல்லும்.

எனக்கு முன்னால் அக்கா ஓடிக்கொண்டிருந்தாள். அக்கா பெரியவளானதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. இது நடந்த வருஷம் எனக்கு ஒன்பது வயசு. அவளுக்குப் பதினாறு. எனக்கு அப்போதும் சரி இப்போதும் சரி, ஒரு இடத்தில் உட்கார முடியாது. கால் அரித்துக்கொண்டே இருக்கும். அந்த வேலைக்கு நான் பொருத்தமான ஆள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவுக்கு நேர்மாறான சுபாவம். சாயங்காலம் ஆனால் பெரியப்பா எதிரில் போய் உட்காருவாள். கூடத்துச் சுவரில் ஒரு பகுதிக்குக் கரி பூசி கரும்பலகை மாதிரி வைத்திருந்தார். அந்த வருஷம் அவளை இங்கிலீஷ் பரீட்சைக்கு உட்கார வைப்பதாக ஏற்பாடு. பெரியப்பாவுக்குக் 'கொடு' என்கிற வினை வந்துவிட்டால் குஷி பிறந்துவிடும். 'தகப்பன் மகளுக்குப் புத்தகம் கொடுத்தான்' என்று எழுதி, எதைக் கொடுத்தான், யாருக்குக் கொடுத்தான் என்று சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பார். தமிழில் நாலாம் வேற்றுமை, 'கு' கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது, வாக்கியத்தில் எந்த மூலையில் தூக்கிப் போட்டாலும் புத்தகம் மகளுக்கே போய்ச் சேரும் என்பார். கன்னடத்திலும் அப்படியே, எனக்கு, உனக்கு என்பது 'நனகே', 'நினகே'. சமஸ்கிருதத்தில் சதுர்த்தி. கூட வேலை பார்த்த ஒரு பாதிரியாரிடம் கேட்டுக்கொண்டு வந்து லத்தீனையும் சேர்த்துக்கொண்டார். இங்கிலீஷ்காரன் மட்டும் அதை எங்கேயோ வழியில் தொலைத்துவிட்டான் என்பது அவர் கட்சி. இப்போது 'டு' போட்டுச் சமாளிக்கிறான், இல்லாவிட்டால் வரிசையைப் பார்த்து நீயே புரிந்துகொள் என்கிறான். 'மீ', 'ஹிம்', 'ஹர்', 'தெம்' என்று நாலைந்து சொல்லில்தான் பழைய சொத்து மிச்சம் இருக்கிறதாம். அந்த நாலைந்தைக்கூட ஒழுங்காகச் சொல்லாதவனை அவர் மனுஷனாக மதிக்க மாட்டார்.

ஒரு நாள் அக்கா ஒரு கேள்வி கேட்டாள். நமக்கெல்லாம் பசி, தூக்கம், பயம் எல்லாம் தானாக வந்து சேருகிறது, எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது என்கிறோம், இங்கிலீஷ்காரன் மட்டும் 'ஐ லைக்' என்று தானே போய்ப் பிடித்துக்கொள்கிறானே, அது எப்படி என்றாள். பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்மிடம் அது வருகிறது, அவன் அதனிடம் போகிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். எது மேல் என்று கேட்டாள். பரீட்சைக்கு இங்கிலீஷ்தான் மேல் என்று சிரித்தார். அப்புறம் பல நாள் அக்கா துணி உலர்த்தும்போதும் அரிசி களையும்போதும் 'ஐ லைக், ஐ லைக்' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பரீட்சைக்கு உருப்போடுகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஆனி மாசக் கடைசியில் குண்டலுபேட்டையிலிருந்து வரன் வந்தது. நம் தமிழ்க் குடும்பம்தான், அங்கே போய் வியாபாரத்தில் ஊன்றிக்கொண்டவர்கள். சொந்தமாக ஒரு பஸ் விட்டிருந்தார்கள். ஊட்டியிலிருந்து குண்டலுபேட்டை வழியாக மைசூருக்கு வரும். மாப்பிள்ளைப் பையனே அதை ஓட்டுவார். நாங்கள் அவரைப் பஸ்காரர் என்றுதான் சொல்வோம். முதல் தடவை அவர் பெண் பார்க்க வரவில்லை. அவர் அம்மா கொடுத்தனுப்பிய ஊட்டி உருளைக்கிழங்கு ஒரு கோணிப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காக்கிச் சட்டை, முழங்கை வரை பெட்ரோல் நாற்றம். பெரியப்பா சும்மா இருப்பாரா? இதை யார் அனுப்பியது என்று இங்கிலீஷில் கேட்டார். பஸ்காரர் மூட்டையை இறக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே, "மை மதர் சென்ட் தெம் டு யூ, சார்" என்றார்.

பெரியப்பா அசந்து போனார். பி.ஏ. படித்தவன்கூட 'சென்ட் தே' என்கிறானாம், இந்தப் பையன் யார் சொல்லிக் கொடுத்து 'தெம்' என்றான், 'டு'வை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டான் பார் என்று அன்று முழுக்க அதே பேச்சு. ஊட்டி துரைகளை ஏற்றி இறக்கிக் கற்றுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஆனால் பெரியப்பா அதற்குள் முடிவே பண்ணிவிட்டார். 'தெம்' சரியாகச் சொல்கிறவன் பெண்டாட்டியை நன்றாக வைத்துக்கொள்வான் என்பது அவர் நம்பிக்கை. சிரிக்காதீர்கள். ஜாதகத்தைப் பார்த்துக் கொடுத்ததில் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டோம்?

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரைவர் உத்தியோகம், காட்டு ஜுரம் பிடித்த ஊர், சாயங்காலமானால் ரோட்டில் யானை நிற்கும் என்று கேள்வி. அதெல்லாம் மேலுக்குச் சொன்னது. உள்ளே வேறு இருந்தது. அம்மாவை ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயசில் இங்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு தூறல் மழையில் மைசூர் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு சொல் கன்னடம் தெரியாமல், யார் மூத்தார் யார் புருஷன் என்றுகூடத் தெரியாமல் அழுததை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "என்னைக் கொடுத்தாங்க, போனேன். எம் பொண்ணை அப்படிக் கொடுக்க விட மாட்டேன்" என்பாள். அக்கா பரீட்சை பாஸாகி வாத்தியாரம்மாவாக வேண்டும், தன் காலில் நிற்க வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. ஆடியில் எதுவும் பேச வேண்டாம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம், அதற்குள் உங்கள் வீட்டில் எல்லாரையும் கலந்துகொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினாள். பெரியப்பாவும் முறைப்படி என்னைக் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்குச் சொல்லு. ஆட்சேபணை இருந்தா ஆடிக்குள்ள சொல்லிடணும். இல்லேன்னா சம்மதம்னு எடுத்துக்குவேன்" என்றார். நான் போய்ச் சொன்னேன். அன்று ராத்திரியே எனக்கு ஜுரம் கண்டது.

ஜுரம் இறங்கியபோது குரல் போய்விட்டிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டாக்டர் தொண்டைக்குள் ஒரு பிரஷ்ஷை விட்டுப் பழுப்பாக ஒரு மருந்தைத் தடவினார். இனிப்பும் துருவும் கலந்த ருசி, இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. ஆவணி பிறக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, மீறினால் குரல் திரும்பி வரவே வராது என்று மிரட்டிவிட்டார். பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் பரபரக்கும். சொல்ல வந்ததெல்லாம் நெஞ்சுக்குள்ளேயே முட்டும். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். வெளியே விடாத தூறல். காயப் போட்ட துணி எதுவும் காயவில்லை.

காப்பி, சாப்பாடு, வெந்நீர் இதற்கெல்லாம் அக்காவை மறுபடி ஓட விட்டார்கள். ஆனால் அவள் கல்யாணப் பேச்சை அவள் வாயாலேயே எப்படிச் சொல்லியனுப்புவது? அது மட்டும் நின்றுபோனது. சீட்டு எழுதி அனுப்பலாமே என்றால், மூத்தாருக்குத் தம்பி பெண்டாட்டி சீட்டு எழுதுவது இன்னும் பெரிய தப்பு. அந்த மாசம் அப்பா வந்தார். அம்மா அவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அண்ணன் பார்த்துச் செய்வார் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். அவரும் அண்ணனை எதிர்த்துப் பேசி அறியாதவர்.

கடைசியில் அம்மா பழைய வழிக்கே வந்தாள். நிலைக்கு உள்பக்கம் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பெரியப்பாவுக்குச் சொல்லு, எனக்கு இதுல இஷ்டம் இல்லைன்னு" என்றாள். நான் ஓடிப்போய் அவர் எதிரில் நின்றேன். வாயைத் திறந்தேன், மூடினேன், கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன். பெரியப்பா பேப்பரைத் தாழ்த்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் சொல்லி முடிப்பேன் என்று நிஜமாகவே காத்திருந்தார். அப்புறம், "தொண்டையை அலட்டிக்காதே, போய் விளையாடு" என்று மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். மறுநாளும் அம்மா சொன்னாள். அதற்கு மறுநாளும். அவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கும். ஆனால் யாரும் வந்து சொல்லவில்லை. அவர் ஏமாற்றினார் என்று அப்போது கோபப்பட்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தம்பி பெண்டாட்டி பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான் மரியாதை என்று பழகிய மனுஷன். பழகிப் பழகி அந்தக் காதே அடைந்துவிட்டது.

இதற்கிடையில் பஸ்காரர் வந்துகொண்டுதான் இருந்தார். ஆடியில் பேச்சுதான் கூடாது, உருளைக்கிழங்கு வரலாமே. பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு மூட்டையை வாசலில் இறக்குவார், உள்ளே வர மாட்டார். தெருப்பிள்ளைகளையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி ஹாரன் அடிக்க விடுவார். ஒரு நாள் நான் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முழித்தேன். என்ன, வாயில் கொழுக்கட்டையா என்றார். பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்தைச் சொன்னான். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த தடவை வந்தபோது காக்கிப் பைக்குள்ளிருந்து ஒரு ஹாரனை எடுத்தார். பழைய ஹாரன். பித்தளைக் குழல் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, ரப்பர் உருண்டையில் டியூப் ஒட்டுப் போட்டிருந்தது. வாசல் படியில் உட்கார்ந்து, "இந்தா. ஒந்து சல அமுக்கினா சரின்னு அர்த்தம். எரடு சல அமுக்கினா வேணாம்னு அர்த்தம். தொண்டை ஆறுற வரைக்கும் இதுலயே பேசு" என்றார். அவர்கள் ஊர்த் தமிழ் அப்படித்தான், ஒரு தடவை என்பதை 'ஒந்து சல', இரண்டு தடவை என்பதை 'எரடு சல' என்று கன்னடத்தில்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "வீட்டுலயும் சொல்லு, தெரிஞ்சுக்கட்டும்" என்று எழுந்தார். வாய் இல்லாதவளிடம் வீட்டில் சொல்லு என்கிறாரே, என்ன மனுஷன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தெருப்பக்கத்து ஜன்னல் எங்களுக்கு நேர் மேலே இருந்தது. அதன் கதவு பாதி திறந்திருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு முழுக்க அடித்துக்கொண்டு திரிந்தேன். தோசை வேண்டுமா என்றால் ஒன்று, மருந்து வேண்டுமா என்றால் இரண்டு. அந்தச் சத்தம் இருக்கிறதே, சளி பிடித்த எருமை கத்துகிற மாதிரி இருக்கும். அன்று சாயங்காலம் அம்மா மறுபடி, "பெரியப்பாவுக்குச் சொல்லு, எனக்கு இஷ்டம் இல்லைன்னு" என்றாள். நான் ஓடிப்போய் அவர் எதிரில் நின்று இரண்டு தடவை அமுக்கினேன். பெரியப்பா நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். இது வீடா பஸ் ஸ்டாண்டா என்று கத்தி, ஹாரனைப் பிடுங்கிப் பக்கத்து அறையின் தெருப்பக்கத்து ஜன்னல் மேடையில் வைத்தார். கூடத்தில் இனிமேல் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று உத்தரவு.

ஜன்னல் அக்காவின் இடம். படிப்பதும் பூக்கட்டுவதும் அங்கேதான். அந்த நாட்களில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என்னவெல்லாமோ கேட்பாள். குண்டலுபேட்டைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். நான் கையை அகலமாக விரித்துக் காட்டினேன். யானை நிஜமாகவே ரோட்டில் நிற்குமா, பஸ்ஸைப் பார்த்தால் என்ன செய்யும் என்று கேட்டாள். அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சமையலறையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை இப்போதே நடுங்குகிறது பார் என்றாள், அடுப்பைப் பார்த்து.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்தன்று அவர்களுடைய பஸ்ஸிலேயே மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும் உறவுக்காரர்களும் வந்து இறங்கினார்கள். தூறல் அன்றைக்கும் விடவில்லை. அக்காவுக்குப் பச்சைப் பட்டு உடுத்தி அந்த ஜன்னல் இருந்த அறையில் உட்கார வைத்திருந்தது. கூடம் நிறைய ஈரச் செருப்பும் பூ வாசனையும். பஸ்காரர் உள்ளே வராமல் தெருவில் பஸ்ஸோடு நின்றிருந்தார். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றுவிட்டதால் எனக்கு இன்னும் வாய் திறக்க அனுமதி இல்லை. அப்பா லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பெண்ணைப் பெற்றவள் கையால் தட்டைக் கொடுக்க வேண்டும். பெரியப்பா சபையைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்கம்மாவுக்குச் சொல்லு, தாம்பூலத் தட்டை எடுத்துட்டு வரட்டும்னு" என்றார். நான் உள்ளே திரும்புவதற்குள் அம்மா நிலைப்படியைத் தாண்டிவிட்டாள். தட்டு கையில் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மடியை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைத் தாண்டி நடந்தாள். நேராகப் போய்ப் பெரியப்பா எதிரில் நின்றாள். அவர் பதறிக்கொண்டு எழுந்தார். அத்தனை கிட்டத்தில் இரண்டு பேரும் நின்று நான் பார்த்ததே இல்லை.

அம்மா தட்டை அவர் கையிலேயே கொடுத்தாள். பாக்கு இரண்டு உருண்டு கீழே விழுந்தது.

"கொடுக்கிறதா இருந்தா நீங்களே கொடுங்க. எனக்குச் சம்மதம் இல்லை. ஆடி முழுக்கச் சொல்லிகிட்டுத்தான் இருந்தேன்."

பெரியப்பாவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார். அம்மாவிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"குழந்தைக்குத் தொண்டை போயிடுச்சு. உங்களுக்குக் காது போகலையே" என்றாள் அம்மா.

தட்டைப் பிடித்தபடி பெரியப்பா நின்றுகொண்டே இருந்தார். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் எழுந்தாள். கோபப்படவில்லை. பெற்றவளுக்கு மனசில்லாத பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் நம் வீடு விளங்காது, வாருங்கள் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். மாமா மட்டும் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு போனார். நான் கூடத்தின் நடுவில் சாப்பிட வைத்திருந்த லட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் புறப்படும் சத்தம் கேட்டது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தடவை, நீளமாக.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வந்து நறுக்கென்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். இந்த நேரத்தில் என்னடி விளையாட்டு என்றாள். நான் அமுக்கவில்லை, என் கையில் ஹாரனே இல்லை என்று சொல்லக் குரல் இல்லை. கையை விரித்துக் காட்டினேன், யாரும் பார்க்கவில்லை. தெருவில் பஸ் என்ஜின் ஓடியபடி கொஞ்ச நேரம் நின்றது. பஸ்ஸுக்குள் யாரோ அதட்டுகிற குரல் கேட்டது. அப்புறம் பஸ் போய்விட்டது. உருளைக்கிழங்கும் நின்றது, தெருமுனையில் பஸ் நிற்பதும் நின்றது.

மறுநாள் காலையில் அம்மா நிலைக்கு உள்பக்கம் நின்று, "பெரியப்பாவுக்குச் சொல்லு, காப்பி ஆச்சுன்னு" என்றாள். ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி அதே நிலை, அதே குரல். ஆனால் நான் கூடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்துவிட்டார். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அப்படித்தான். அம்மா என்னிடம் சொல்ல ஆரம்பித்தாலே அவர் எழுந்துவிடுவார். இரண்டு பேரும் அப்புறம் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் ஓட்டம் குறைந்து போரடித்தது.

அக்கா பரீட்சை எழுதினாள், பாஸானாள், வாத்தியாரம்மாவானாள். மைசூரிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமுறைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வரன்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னாள். அவளுக்குப் படிப்புதான் உசிர் என்றோம். அம்மா கடைசி வரைக்கும் அந்த ஆவணிக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். என் பொண்ணைக் காட்டில் கொண்டுபோய்த் தள்ளாமல் காப்பாற்றினேன் என்பாள். நாங்களும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னோம். எங்கள் வீட்டு வீரக்கதை அது. உங்களில் சிலரிடம்கூட நானே கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் மைசூருக்குப் போயிருந்தேன். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, நாக்கு மட்டும் மங்கவில்லை. வெளியே அதே ஆடித் தூறல். பழைய பேச்சு கிளம்பியது. எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. அந்தக் குட்டு. செய்யாத குற்றத்துக்கு வாங்கிய குட்டு. அதையும், அன்றோடு காணாமல் போன என் ஹாரனையும் சொல்லிப் புலம்பினேன். நான் அமுக்கவே இல்லைக்கா, யாரோ தெருப்பையன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அமுக்கிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டும் போயிருக்கிறான், அம்மா செத்துப்போகிற வரைக்கும் நம்பவில்லை என்றேன். அவர் எனக்கென்று ஆசையாகக் கொடுத்தது என்றும் சொன்னேன்.

"உனக்கா கொடுத்தார்?" என்றாள் அக்கா.

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்காரர் வாசல்படியில் உட்கார்ந்து சொன்னதும், எங்கள் தலைக்கு மேல் அந்த ஜன்னல் கதவு பாதி திறந்திருந்ததும் எனக்கு இத்தனை வருஷம் கழித்து ஞாபகம் வந்தது. அக்கா, நீ அப்போது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அம்மா பெரியப்பாவுக்குச் சொன்னா. பெரியப்பா அம்மாவுக்குச் சொன்னாரு. நீ ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடினே. உனக்கு என்ன வேணும்னு எங்கிட்ட யாருடி வந்து கேட்டீங்க?" என்றாள். குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

அப்புறம் அவளே சொன்னாள்.

"நான் ஒந்து சலதானேடி அமுக்கினேன்."